சட்டைப்பையில் விழுந்த குத்துவிளக்கு

எழுபதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலை அச்சகம் ஒன்றில் என் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவர் அவர். பருத்த உடம்பு, மை ஏறிய நகங்கள். பத்திரிகையில் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ‘ஆமாம்’ என்றால் அதற்குரிய படம் செதுக்கிய அச்சுக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பையில் விழுந்ததெல்லாம் பத்திரிகையில் ஏறும்.

“கோயில் கல்யாணமா தம்பி?”

“ஆமாண்ணே. காத்தோங் சர்ச்சுலயும் உண்டு. பொண்ணு கேத்தலிக்.”

பிள்ளையாரும் சிலுவையும் சேர்ந்தே பைக்குள் விழுந்தன.

“அம்மாவுக்குச் சம்மதந்தானே? அவங்க பேருக்கு மேல குத்துவிளக்கு வைக்கணும்.”

அம்மா என்னிடம் பேசி மூன்று மாதமாகியிருந்தது. மேசையில் கிடந்த மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டினேன். விளக்குக் கட்டையைக் கையில் உருட்டியபடி என்னையே பார்த்தார். பிறகு அதையும் பைக்குள் போட்டார்.

பத்திரிகையை வாங்கிய அம்மா அந்த விளக்கை விரலால் தடவிப் பார்த்தாள். கோயிலுக்கும் வந்தாள், சர்ச்சுக்கும் வந்தாள்.

நான் ‘ஆமாம்’ சொல்லவே இல்லை. அவர் ஏன் போட்டார்?