சீக்கு லீவுக்கு ஒரு பல்

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மாளிடம், அவளுடைய அக்கா மகளுக்கு எப்போது சடங்கு நடந்தது என்று கேட்டால் வருஷம் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்து, கீழ்வரிசையில் இடது பக்கம் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அதற்கு அடுத்த ஓட்டை, கம்பத்தில் மாமியார் செத்துப்போனதற்கு. அதையும் தாண்டி உள்ளே விரலை விட்டால் வீரபாண்டித் திருவிழா வரும். தம்பி பட்டாளத்துக்குப் போனபோது வழியனுப்பப் போனது, புருஷன் பேச்சிமுத்து வயிற்று வலியோடு தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தது, எல்லாமே இடது பக்கத்தில்தான் இருந்தன.

இதைக் கேட்டுவிட்டு ராசம்மாளுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவள் நல்ல தெளிவானவள். பேதலித்திருந்தது தோட்டத்துச் சட்டம்.

அந்தத் தோட்டத்தில் ஒருவருக்குச் சம்பளத்தோடு சீக்கு லீவு கிடைக்க வேண்டுமென்றால், சீக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காய்ச்சல் என்றால் கண்ணாடிக் குழாயில் ஏறும். வெட்டுக்காயம் என்றால் ரத்தம் வரும். வயிற்றுப்போக்கு என்றால் ஆதாரம் கொண்டுவா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் வாய்ச்சொல்லையே நம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள், எழுந்து எங்கும் போக முடியாது. பல்வலி ஒன்றுதான் வெளியே தெரியாத வலி. ஒரு மழைக்காலத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள். தோட்டத்து மேனேஜர், கோட்டயத்துக்காரர்தான். வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாவும் அரைக்கால் சட்டையும் கோபமும் அவருக்கு வந்து சேர்ந்திருந்தன.

அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். பல்லைப் பிடுங்கினால், பிடுங்கின நாளுக்கும் மறுநாளுக்கும் லீவு உண்டு. பிடுங்காத பல் வலிக்காத பல்லாகக் கருதப்படும். பொய் சொல்லுகிறவன் எவனும் பல்லைக் கொடுக்க மாட்டான் என்று அவர் நம்பினார். பெரிய படிப்புப் படித்தவர் அல்லவா, மலைக்குக் கீழே சாவு, கல்யாணம், சடங்கு என்று சொந்தக்காரர்களை வைத்திருக்கும் ஜனங்கள் வேறு எந்த வழியிலும் லீவு கிடைக்காவிட்டால் எதையும் கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஜனங்கள் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் வேறு என்ன இருந்தது?

ஆரம்பத்தில் பல்லைக் காட்டினாலே போதும் என்று இருந்தது. ஒருவன் ஆட்டுப் பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தான். ஒருத்தி மகளுக்கு விழுந்த பால்பல்லைக் கொண்டுவந்து தன்னுடையது என்று சத்தியம் செய்தாள். அதற்கப்புறம் கம்பவுண்டர் பிடுங்கின பல்லை வேரோடு ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குமாஸ்தா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்துக்கொண்டார். ஒரே பல்லுக்கு இரண்டு பேர் லீவு வாங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

கம்பவுண்டர் சூசையப்பன் மோசமான ஆள் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று எழுதிய அறை ஒன்றும், டாக்டருக்கான நாற்காலி ஒன்றும் இருந்தன. டாக்டர் மட்டும் இல்லை. அதனால் பிரசவம் முதல் பாம்புக்கடி வரை எல்லாம் சூசையப்பன் தலையில் விழுந்தது. பல்லுக்கென்று அவரிடம் ஒரு குறடு இருந்தது. வாயை மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து மழைக்காலத்தில் மலை ஏறி வராது, வெயில் காலத்தில் வந்ததும் தீர்ந்துவிடும். அவர் 'எந்தப் பல்லு?' என்று கேட்பார். வந்தவர்கள் 'முன்னாடி மட்டும் வேண்டாம்யா, மத்தபடி ஒங்களுக்கு எது தோதோ அத எடுங்க' என்பார்கள். முன்பல் போனால் சிரிக்கும்போது வெளியே தெரியும். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று எல்லோரும் பின்பக்கத்திலிருந்தே கொடுத்து வந்தார்கள்.

இப்படி இடது பக்கத்தை முழுக்கக் கொடுத்து முடித்திருந்த ராசம்மாளுக்கு, எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி மாதத்தில், முதன்முதலாக நிஜமாகவே பல் வலித்தது. அதுவும் வலது பக்கம், கீழே, அவள் மெல்லுவதற்கு என்று வைத்திருந்த கடைவாய்ப் பல். அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டும் ஏற்கெனவே தம்பியின் கல்யாணத்துக்குப் போயிருந்தன. ரேஷனில் வரும் அரிசி பாதிக் கல்லோடு இருக்கும். மீதி நாளைக்கு மரச்சீனிக் கிழங்குதான். அந்தப் பல்லும் போனால் ஆயுசுக்கும் கஞ்சி என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டு மேட்டில் ஏறிக் கொழுந்துக் கூடை சுமக்க முடியாது.

கிராம்பை வைத்துப் பார்த்தாள். கல் உப்பை வைத்துப் பார்த்தாள். பேச்சிமுத்து வாங்கி வைத்திருந்த சாராயத்தில் பஞ்சை நனைத்து வைத்ததில் அவனுக்குத்தான் வலித்தது. கடைசியில் சூசையப்பனிடம் போனாள்.

"வாயத் தொற தாயி. அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சிரும். ரெண்டு நாள் லீவும் ஆச்சு" என்று குறட்டைக் கையில் எடுத்தார்.

"லீவு வேண்டாம்யா. பல்லு வேணும்."

இப்படி ஒரு பேச்சை அவர் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டதில்லை. குறட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பல்ல வச்சுக்கிட்டு வலிய மட்டும் எடுக்க எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்றார்.

அவள் வீங்கின கன்னத்தோடு லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். எந்தத் தோட்டத்துத் தொழிலாளருக்குச் சொத்தைப் பல் குறைவோ அந்தத் தோட்டத்துக்கு வெள்ளிக் கேடயம். தொழிலாளரின் ஆரோக்கியத்தில் முதலாளிகளுக்கு இருக்கும் அக்கறையை ஊர் உலகத்துக்குக் காட்ட வேண்டாமா? போடியிலிருந்து ஒரு பல் டாக்டரை ஜீப்பில் வரவழைத்தார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆ காட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். சொத்தைப் பல்லை எண்ணி எழுதச் சொல்லித்தான் அவரிடம் தாள் கொடுத்திருந்தார்கள். இல்லாத பல்லுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. இருந்தால்தானே சொத்தையாவதற்கு? ராசம்மாளின் தோட்டம் மற்ற எல்லாத் தோட்டங்களையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தது. கேடயத்தை ஆபீசில், பிஸ்கட் டின் இருந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள்.

அந்த வரிசையில் ராசம்மாளின் முறை வந்தபோது டாக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இதப் புடுங்க வேண்டாம்மா" என்றார். "வேர் நல்லா இருக்கு. சுத்தம் பண்ணி அடைச்சா இன்னும் இருபது வருசம் வரும். போடிக்கு வந்துரு. மூணு வாட்டி வரணும்."

பல்லைக் காப்பாற்றலாம் என்று ஒரு மனுஷன் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

போடிக்குப் போவது பெரிய காரியமில்லை. போடிமெட்டு வழியாகப் பஸ் இறங்குகிறது. ஆனால் அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்விடுவார். வேலை நாளில் போக வேண்டும், அதற்கு லீவு வேண்டும். கொழுந்து சீசனில் சொல்லாமல் நின்றுவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். ராசம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

துரை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பல்லு எடுத்தோ?" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

"எடுக்கல துரை. அடைக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு."

"எடுத்தா லீவு. அடைச்சா லீவு இல்லா. அடைச்ச பல்லக் கொண்டுவந்து ஓபீசுல தர ஒனக்கு முடியுமோ?"

"அது வாய்க்குள்ளல்லா இருக்கும், துரை."

"அதானு நான் பறஞ்சது. ரூல் எல்லார்க்கும் ஒண்ணுதான்" என்று அவர் வேறு தாளை எடுத்துக்கொண்டார். அவர் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன சொல் மாறாதவர். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் ஜனங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

அன்று சாயங்காலம் லயத்தில் அடுத்த வீட்டுச் சின்னத்தாயி வந்து உட்கார்ந்தாள். ராசம்மாளோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுப்பவள். தன் பங்குக்கு அவளும் பிஸ்கட் டின்னில் தாராளமாகவே போட்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இதுக்கா அழுத?" என்றாள். "வலிக்கிற பல்ல அடைக்கப் போகணும், அம்புட்டுத்தான? வலிக்காத பல்லு ஒண்ணக் குடுத்துட்டுப் போ."

இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அந்த லயத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ராசம்மாளுக்கும் தோன்றவில்லை. சட்டத்துக்குள் வழி இருக்கிறதே என்று அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சூசையப்பன் மேல்வரிசையில் வலது பக்கம் கடைசிப் பல்லைத் தட்டிப் பார்த்தார். "இது நல்ல பல்லும்மா" என்றார்.

"நல்லதுனாலதான்யா குடுக்கேன். கெட்டத வச்சுக்கிடணுமே."

பல் ஆபீசுக்குப் போனது. மறுநாள் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு சன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டு ராசம்மாள் போடிக்குப் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் பஞ்சைப் பார்த்துவிட்டு, "அதுவும் சொத்தையா? பாவம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அவர் கைராசிக்காரர், சுத்தமானவர், இவளிடம் கூலியும் அதிகம் கேட்கவில்லை. ஆனால் எந்தப் பல்லில் வேலை நடக்கிறதோ அந்தப் பல் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. குடைந்து, மருந்து வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. ஒன்று இங்கே போனது, ஒன்று அங்கே தேறியது. வலி அடியோடு நின்றுவிட்டது. பறிக்கிற நேரத்தில் ராசம்மாள் பாட்டெல்லாம் பாடினாள். அவள் பாடியே வெகுநாள் ஆயிற்று என்று சின்னத்தாயி லயம் முழுக்கச் சொன்னாள்.

மூன்றாவது தடவை சூசையப்பன் குறட்டோடு கொஞ்ச நேரம் தயங்கினார். வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மேல பின்னாடி இது ஒண்ணுதான் மிச்சம் கெடக்கு. முன்பல்லு ஒண்ண எடுப்பமா தாயி?"

"மூஞ்சியே போயிரும்யா. மக கல்யாணத்துக்கு நிக்கா. பல்லுப் போன மாமியான்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லிரப்படாது. அதையே எடுங்க. இதான் கடைசி."

அவர் எடுத்தார். ராசம்மாள் சத்தம் போடவில்லை. பழகிவிட்டது.

மறுநாள் போடியில் டாக்டர் வெள்ளி மருந்தைக் குழைத்துப் பல்லை அடைத்தார். அமுக்கி, சுரண்டி, தேய்த்து, பஞ்சால் துடைத்தார். கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பளபளவென்று இருந்தது. ராசம்மாள் கம்மல் வாங்கினவள் போலக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனி முறுக்குகூடத் திங்கலாம்" என்றார் டாக்டர். அவருக்கும் சந்தோஷம்தான். "அடைச்சது மேடா நிக்குதான்னு மட்டும் பாத்துருவோம்." நீலக் காகிதத் துண்டு ஒன்றை அந்தப் பல்லின் மேல் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடிபட்ட இடத்தில் நீலம் ஒட்டும், மேடாக இருந்தால் அங்கே கொஞ்சம் தேய்த்துவிடலாம்.

அவள் கடித்தாள். அவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பல்லில் நீலம் ஒட்டவில்லை.

"நல்லா அழுத்திக் கடிம்மா."

"அழுத்தித்தான்யா கடிக்கேன்."

இன்னொரு காகிதம் வைத்தார். அதிலும் ஒன்றும் பதியவில்லை. அப்போதுதான் அவர் டார்ச்சை மேலே திருப்பி, பஞ்சை விலக்கி, முழு வாயையும் பார்த்தார்.

"இதுக்கு நேர் மேல ஒரு பல்லு இருக்கணுமே. அது எங்கம்மா?"

"இங்க வாரதுக்கு நேத்துக் குடுத்தேன்யா."

டாக்டர் நீலக் காகிதத்தைக் கீழே போட்டார். கையைக் கழுவப் போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே நின்றார். ராசம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏன்யா, அடைச்சது நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்மா" என்றார் அவர், குழாயை மூடாமலே. "இருபது வருசம் அப்படியே இருக்கும்."