லாசருவின் அக்கா

என் தம்பி செத்துப் போனான் என்று ஊருக்குச் சொன்னவள் நான்தான். ஒரு புதன்கிழமை, உச்சி வெயில் நேரம். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணம் பண்ணாமலே ரிட்டயரான டீச்சர் நான். ஈரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்ட அவன். மூச்சு இழுத்து இழுத்து வந்தது, பிறகு வரவில்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்து வாயருகே பிடித்தேன். ஆவி படியவில்லை. உடனே எங்கள் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருக்குப் போன் போட்டேன்.

எனக்கு எதிலும் அவசரம். எங்கள் ஊருக்கும் அப்படித்தான். கோயில் மணியை உபதேசியார் ஒற்றை ஒற்றையாக நிறுத்தி அடித்தால் சாவு. ஆற்றங்கரை வயலில் நிற்பவர்கள் போட்டது போட்டபடி கிளம்பி வருவார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டி விழுந்துவிடும். டாக்டர் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

குளிப்பாட்ட நான்கு பெண்கள் வந்தார்கள். வெந்நீரில் துணியை நனைத்து நெற்றியில் வைத்ததும் தம்பி கண்ணைத் திறந்தான்.

"தண்ணி சுடுது" என்றான்.

ஒருத்தி செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். இன்னொருத்தி தெருவில் நின்று, இயேசு கல்லறையிலிருந்து எழுப்பியவனின் பெயரைச் சொல்லி "லாசரு! லாசரு!" என்று கத்தினாள். உபதேசியார் ஓடி வந்தார். கட்டிலருகே முழங்கால் போட்டு அழுதார். எழுந்ததும், "ஞாயித்துக்கிழம நீங்கதான் சாட்சி சொல்லணும் டீச்சர். கண்ணால பாத்தது நீங்கதானே" என்றார்.

வெட்டிய குழி ஒன்று மிச்சம் இருந்தது. மறுநாள் மத்தியானம் குழி வெட்டுகிறவர் வாசலில் வந்து நின்றார். "குழிய வெறுமனே மூடக் கூடாது டீச்சர். வாழமரம் ஒண்ணு வச்சு மூடிருதேன். இல்லேன்னா அது ஆளக் கேக்கும்."

"கிறிஸ்தவன் பேசுத பேச்சா அண்ணாச்சி இது?" என்று எகிறினேன். எகிறிய கையோடு கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு வாழையைக் காட்டினேன். அரிவாளை வைத்துக்கொண்டு அவர் "எம்புட்டு நீளம்?" என்று கேட்டார். தம்பியின் உயரத்தைக் கையால் அளந்து காட்டினேன். வெட்டிய வாழையை அவர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில், லாசரு உயிர்த்தெழும் யோவான் பதினோராம் அதிகாரத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். விசுவாசிக்கிறேன் என்று சொன்ன வாயாலேயே, கல்லறைக் கல்லை எடுத்தால் நாறுமே என்கிறாள் லாசருவின் அக்கா மார்த்தாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தம்பி செத்துத்தான் போயிருந்தான் என்றால் நடந்தது அற்புதம். இல்லையென்றால், உயிரோடு இருந்தவனுக்குக் குழி வெட்டச் சொன்னவள் நான். விசுவாசத்தால் அல்ல, பயத்தால் அந்த அற்புதத்தை விரும்பினேன். விரும்பியும் நம்ப முடியவில்லை.

தம்பி எதுவும் பேசவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள், காலைத் தொட்டார்கள். அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தான். கஞ்சி ஊட்டும்போது, ஜன்னலைத் திறக்கும்போது, அடுக்களைக்குப் போகும்போது அவன் கண் என் பின்னாலேயே வந்தது. கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. அந்த மூன்று நாளும் அவனுக்கு முதுகைக் காட்டவே பயந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்தான்.

"அக்கா, எல்லாம் கேட்டுது."

"எது லே?"

"நீ போன்ல பேசுனது. மணி அடிச்சது. ஒன்னக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். சத்தம் வரல."

அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்படி நான் அழுதது அம்மா போன அன்றைக்குத்தான். அவன் பைய என் தலையில் கை வைத்தான்.

"அழாத. நாளைக்கு நான் செத்துத்தான் போயிருந்தேன்னு சொல்லு. யாரு கேட்டாலும் நானும் அப்படியே சொல்லுதேன்."

சொன்னேன். சபையே ஸ்தோத்திரம் சொல்லி அழுதது. தம்பி முன் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆண்டவர் சந்நிதியில் நின்று நான் சொன்ன பெரிய பொய் அதுதான். பொய்தானா என்றும் சில நாள் தோன்றும். கண்ணாடியில் ஆவி படியாததும் நிஜம்தானே. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த வருஷம் ஐப்பசியில், மழை வெறித்த ஒரு காலையில், மறுபடியும் அவன் மூச்சு நின்றது. இந்தத் தடவை டாக்டர் வந்து பார்த்தார், நாடி இல்லை என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் சொன்னதையும் நம்பவில்லை. மணி அடிக்க விடவில்லை. ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். உயிர் இருந்தால் குளிரில் துடிப்பானே! கையும் காலும் விறைத்த பிறகும் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் உபதேசியார் என் தோளைத் தொட்டு, "போதும் டீச்சர். ஊரே வாசல்ல நிக்கி" என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நான் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் காது வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இருட்டும் வரை அப்படியே கிடந்தேன். எழுந்திருக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் புதன்கிழமை அவன் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தபோதும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.