மார்ட்டினாரின் நாற்பத்தொரு போர்வைகள்

கொடுத்தே பெயர் வாங்கிய ஒருவருக்கு நாற்பத்தொரு போர்வை எதற்கு? சேலையூர்ப் பக்கம் மார்ட்டினார் கோயிலில் பதினாறு வருடம் பெருக்கித் துடைத்த ஞானஜோதியின் வாழ்க்கை கடைசியில் இந்தக் கேள்வியில் போய் முட்டியது.

மார்ட்டினார் ரோமைப் படைவீரர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தவர். மீதிப் பாதியோடு அவர் எப்படிச் சமாளிப்பார் என்று நம் மக்களுக்குக் கவலை. குதிரைமேல் இருக்கும் ஆளுயரச் சிலைக்கு ஜரிகை வைத்த வெல்வெட் போர்வைகளாக நேர்ந்துகொண்டார்கள். நவம்பர் திருவிழாவில் அவை ஏலம் போகும். காலடியில் இருக்கும் பிச்சைக்காரருக்கு ஒருவரும் ஒரு கைக்குட்டைகூட நேர்ந்ததில்லை.

ஞானஜோதியைப் பக்தி மிகுந்தவர் என்று சொல்லமாட்டேன். சிலையைத் துடைக்கும்போது குதிரையோடுதான் பேசுவார். கணவர் இறந்தபின் அவருக்கு இருந்ததெல்லாம் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கக் கொடுத்த ஒற்றை அறை.

2005 அக்டோபர் மழையில் பின்தெருவில் இடுப்பளவு தண்ணீர். முப்பது பேர் ஈரத்துணியோடு கோயிலுக்குள் வந்து நடுங்கினார்கள். ஞானஜோதி பீரோவைத் திறந்து, ஏலத்துக்குச் சேர்ந்திருந்த நாற்பது போர்வையையும் கொடுத்தார். சிலைமேல் கிடந்ததையும் உருவினார்.

கோயில் கமிட்டிச் செயலாளர் எலியேசர் குடையோடு ஓடிவந்தார். “நேர்ச்சைத் துணிம்மா அது! யாரைக் கேட்டு எடுத்த?”

“யாரக் கேக்கணும் சார்? அவருக்கு இன்னா, ஜன்னியா வந்துடப்போவுது?”

அறையைக் காலி செய்யச் சொல்ல கமிட்டி கூடியது. அதற்கு முதல் நாள் பங்குத்தந்தை ஞானஜோதியைத் தனியாக அழைத்தார்.

“கனவுல மார்ட்டினார் வந்து குடுக்கச் சொன்னார்னு சொல்லிடும்மா. எலியேசரே உனக்கு மாலை போடுவார்.”

போடுவார்தான். கனவில் வரும் புனிதர் என்றால் அடுத்த வருடம் கூட்டம் இரட்டிப்பாகும்.

“கொசுக்கடில தூக்கமே இல்ல ஃபாதர். கனவு எங்கேர்ந்து வரும்?”

“வெளையாடாத. இருக்கிற வூடும் போயிடும்.”

மறுநாள் எலியேசரே எடுத்துக்கொடுத்தார். “சொல்லும்மா, புனிதர் ஏதாவது சொன்னாரா?” கமிட்டி மொத்தமும் அவர் வாயையே பார்த்தது.

“யாரும் ஒண்ணும் சொல்லல சார். நான்தான் எடுத்தேன்.”

அந்த வாரமே கோவிலம்பாக்கத்தில் ஒரு தகரக்கூரை அறைக்குக் குடிபோனார். மறுத்துப் பேச வாய்ப்பே இல்லாத ஒருவர் பெயரில் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். வெங்காயம் உரித்தபடியே, தண்ணி லாரி இன்னும் வரவில்லை என்றார்.