முதல் போன் யாருக்கு?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தபோது ஒரு தட்டு மிச்சம் இருந்தது.

புதுச்சத்திரம் பக்கத்தில், பெற்றோரின் கவனிப்பு இல்லாத பெண் பிள்ளைகளுக்கான ஹோம் அது. அதன் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். அன்று மாதக் கூட்டம். கமிட்டித் தலைவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோதுதான் மும்தாஜ் உள்ளே வந்தார். பிள்ளைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர், சேலத்துக்காரர்.

பதினோரு வயது மலரைக் காணோம் என்றார். (மலர் என்பது நான் வைத்த பெயர்.) பாத்ரூம், மொட்டை மாடி, கிணற்றடி... எங்கும் இல்லையாம். போலீசுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் உடனே சொல்லியாக வேண்டும் என்றார்.

தலைவர் தயங்கினார். "ஒரு மணி நேரம் பொறுத்துப் பாக்கலாமுங்க. போலீசுன்னு போனா ஹோம் பேரு என்னாகறது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – நானும் தலையாட்டினேன்.

மும்தாஜ் உட்காரவே இல்லை. "பேரை அப்புறம் காப்பாத்திக்கலாம் சார். ஒரு மணி நேரத்துல புள்ள எந்த ஊர்ல இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார். என்ன கலர் டிரஸ், தழும்பு எந்தக் கையில், கடைசியாக யார் பார்த்தது – எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். குரலில் பயம் இருந்தது; தடுமாற்றம் இல்லை.

எங்கே கற்றார் இதை? சில மாதங்களுக்கு முன் ஹோம் ஊழியர்களுக்கு நடந்த மூன்று நாள் பயிற்சியில். 'பிள்ளை வளர்க்க எதுக்குங்க கிளாஸ்?' என்று அப்போது கிண்டலடித்தவள் யார்? நானேதான்.

அடுத்த இரண்டு மணி நேரம் தலைவர் கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தபடி இருந்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை.

மூன்றரைக்குப் போன் வந்தது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில், குமாரபாளையம் பஸ் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தாளாம். டவுன் பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். மஞ்சள் சுடிதாரை வைத்து ஒரு பெண் போலீஸ் அடையாளம் கண்டுவிட்டார். தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பழைய வார்டன் காலத்தில் இப்படித் திரும்பி வருகிற பிள்ளைக்கு முதலில் அடி; அப்புறம்தான் கேள்வி. மும்தாஜ் அடிக்கவில்லை, 'ஏன் போனே?' என்றுகூடக் கேட்கவில்லை. "பசிக்குதா கண்ணு?" என்றார். தயிர்சாதத்தைப் பாதி தின்ற பிறகு மலரே வாயைத் திறந்தாள்.

"தங்கச்சிக்குப் பல்லு உழுந்துருச்சாம். பாக்கலாம்னு போனேன்."

ஆறு வயதுத் தங்கை குமாரபாளையத்தில், சின்னக் குழந்தைகளுக்கான வேறொரு ஹோமில் இருக்கிறாள். போனில் பேசிக்கொள்வதோடு சரி; இருவரும் நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உடன்பிறந்தவர்களைப் பிரித்து வைத்தால் அடிக்கடி சந்திக்க வைக்க வேண்டும் – எங்கள் ஹோமின் விதிமுறைத் தாளிலேயே இருக்கிறது. அதன் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

எங்கள் பக்கம் போர்வெல் வண்டியில் புதிதாக ஏறுகிறவருக்குக்கூட ஒருவர் கூடவே நின்று வேலை சொல்லித் தருவார். அடுத்தவர் பெற்ற பிள்ளையை வளர்க்க மட்டும் நல்ல மனசு போதும் என்று நினைத்துவிடுகிறோம். நல்ல மனசு எனக்கும்தான் இருந்தது. ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்றதற்குத் தலையாட்டியதே அதுதானே?

போன ஞாயிறு, அரசின் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு மலரைக் குமாரபாளையம் கூட்டிப்போனோம். விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அக்கா விரலை வைத்துத் தடவிப் பார்க்க, தங்கை லேசாகக் கடித்துவைத்தாள். இனி மாதம் இரண்டு சந்திப்பு. இருவரையும் ஒரே ஹோமில் சேர்க்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த பயிற்சிக்குத் தலைவரும் நானும் பெயர் கொடுத்தாயிற்று. கிண்டலடிக்கிறவர்களுக்குக் கடைசி பெஞ்ச் கிடையாதாம் – மும்தாஜ் சொல்லிவிட்டார்!