புழுதிக்கு முகம் மூடியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் நானும் நாத்தனாரும் புளிக்கூடை சுமந்து பொம்மிடி சந்தைக்கு நடந்தோம். மோட்டார் ரோடு போட, ஓரத்து நடைபாதையை வெட்டி மண் எடுத்திருந்தார்கள்.

"நாங்க எங்கீங்க நடக்கறது?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"நடக்கறவங்களுக்குன்னு ஜில்லா போர்டுல பணம் ஒதுக்கலம்மா."

"ரோடு மோட்டாருக்கு, புழுதி நமக்கா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பஸ் வந்தது. நாத்தனார் வழக்கம்போல புழுதிக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓரம் ஒதுங்கினாள். அங்கே பாதை இல்லை, பள்ளம். நான் சும்மாட்டைச் சரிசெய்ய நின்றதால் தப்பினேன். விழுந்ததில் அவளுக்கு இடுப்பு முறிந்தது; அப்புறம் அவள் நடக்கவே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. சிதறிய புளியைப் பொறுக்கினேன்.

இப்போது வண்டி வந்தால் நான் முகத்தை மூடுவதில்லை. கீழே பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குகிறேன். அந்தப் பள்ளம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. ஊர்க்காரர் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.