வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற பொய்

அறுபதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு ஃபிட்டர் வீட்டு வாசலில் கார் நின்றது என்றால், அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். என் வீட்டுக்காரர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பூந்தமல்லியில் ஒரு மரவாடிக்குப் பின்னால், கோழி அடைத்து வைத்திருந்த பழைய கறுப்புக் காரை வாங்கி, மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார். அதை ஓட வைக்கப் பதினொரு மாத ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

காரோடு அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார், நான் முக்காலியில் உட்கார்ந்து வாசித்து எனக்குத் தெரிந்த தமிழில் சொல்வேன். புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, ஸ்டார்ட் ஆகி நின்றுபோனால் எதைப் பார்ப்பது, வண்டி நிற்கும்போது எஞ்சின் தன்பாட்டில் மெதுவாக ஓடாமல் திணறினால் எதைப் பார்ப்பது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். வாசித்து வாசித்து எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. அவர் ஷிஃப்டுக்குப் போயிருக்கும்போது பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் நான்தான். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கணவரின் அண்ணன், அதாவது எனக்கு மூத்தார், திருநின்றவூரில் இருந்தார். ஏரிப்பக்கம் மனை வாங்கித் தரும் தரகு வேலை. மாமனார் சின்ன வயதிலேயே இறந்துபோனதால் தம்பியை வளர்த்தவர் அவர்தான். அதனால் என் வீட்டுக்காரர் அண்ணனிடம் எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை. கார் ஓடத் தொடங்கியதும் மூத்தார் வாரத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துப் போனார். பட்டணத்திலிருந்து மனை பார்க்க வருகிறவர்களைக் காரில் வைத்துச் சுற்றிக்காட்டினால் மரியாதையாக இருக்கும் என்பார்.

எனக்கு முதல் பிரசவம் ஐப்பசியில். நாள் நெருங்கிவிட்டது, கார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தோம். அப்படியும் ஒரு சாயங்காலம் வந்து கேட்டார். விடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வலி எடுத்தது. கார் வரவில்லை. மழை கொட்டியது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் வண்டி தேடி ஓடினார். பதினொரு மணிக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தது. இரண்டு பேர் பின்னால் தள்ளி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை. அழவே இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று நர்ஸ் என் தலையைத் தடவியபடி சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கார் வாசலில் நின்றது. மூத்தார் துக்கம் கேட்க வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"காலீல பாத்தா வண்டி ஸ்டார்ட்டே ஆவலம்மா. ஹேண்டில் அடிச்சி அடிச்சி கை வீங்கிப்போச்சி. மறுநாளு தானா ஸ்டார்ட் ஆச்சி, நேரா இங்க கொண்டாந்து வுட்டேன். பழைய வண்டி, இன்னா பண்றது?"

நான் உடனே சந்தேகப்படவில்லை. மழை ஈரம், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கினால் அப்படி ஆகும், காய்ந்ததும் தானாகவே சரியாகும். பட்டியலில் அதுவும் உண்டு. ஆனால் வண்டி வெளியே போகும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து வைப்பது என் பழக்கம். திருநின்றவூர் போய்வரப் பன்னிரண்டு மைலுக்கு மேல் ஆகாது. மீட்டரில் நாற்பத்தொரு மைல் ஏறியிருந்தது. பின் சீட்டுக்கு அடியில் ஏரிக்களிமண் காய்ந்து கிடந்தது, நாலைந்து பேருடைய செருப்பு மண். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மீட்டர் பழசு என்றார். அதற்குமேல் பேசாதே என்பதுபோல் எழுந்து போனார்.

அழுது தீர்ந்த பிறகு எனக்குள் மிஞ்சியது ஒன்றுதான். மூத்தார் சொன்ன பொய்யை உண்மையாக்கிக் காட்ட வேண்டும். பட்டியலைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டரை எஞ்சினோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு நட்டுகள். அவற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் இடுக்கு வழியாகக் காற்று புகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்து ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சூடாகி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த இடத்திலேயே உயிரை விடும். மூத்தார் பழையபடி வாராவாரம் காரை எடுக்க வந்தார்; அவர் காபி குடிக்கிற நேரம் எனக்குப் போதும். ஸ்பானரை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய், பானெட்டைத் தூக்கி எஞ்சினைத் துடைக்கிற மாதிரி நின்று முடித்துவிடுவேன். வண்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாக இறுக்கிவிடுவேன். அண்ணன் குறை சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்ப்பார். எஞ்சின் பூப்போல ஓடும்.

"நல்லாத்தானே கீது அண்ணா" என்பார். அண்ணனுக்கு சோக் போடத் தெரியவில்லை என்று என்னிடம் சொல்வார்.

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மூத்தார் உண்மையைச் சொல்ல வேண்டும், யாரும் நம்பக் கூடாது.

வண்டி கடைத்தெரு நடுவில் நின்றது. பட்டாபிராம் ரயில்வே கேட்டில் நின்று, பின்னால் வந்த லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒருநாள் பட்டணத்திலிருந்து வந்த மூன்று குமாஸ்தாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் காரைத் தள்ளினார்கள். ஒருவருடைய செருப்பு சேற்றோடு போய்விட்டது. மனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ரயிலேறிப் போய்விட்டார்கள். இதையெல்லாம் மூத்தாரின் மனைவிதான் வந்து வருத்தத்தோடு சொன்னாள். நான் சமையலறைக்குள் போய் அரிசி களைந்தபடி சிரித்தேன். குழந்தை போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

மூன்று மாதம் இப்படிப் போனது. மூத்தார் கரையான்சாவடியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார். அவன் பிளக்கை மாற்றினான், காயிலை மாற்றினான். அடுத்த தடவையும் வண்டி நின்றது. மூன்றாவது முறை அவன் வண்டியை ஓடவிட்டு, கார்ப்ரேட்டருக்கு அடியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறான். எஞ்சின் சத்தம் மாறியிருக்கிறது, அந்த இடுக்கில் காற்று புகுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நட்டின் மேல் புதிதாக ஸ்பானர் பட்ட தடத்தையும் காட்டி, யாரோ வேண்டுமென்றே தளர்த்துகிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூத்தார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, வளர்த்தவனுக்கே குழி தோண்டுகிறாயா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் சோற்றோடு எழுந்து நின்றார்.

"அவரு இல்ல மாமா" என்றேன். "நாந்தான் பண்ணேன். ஒவ்வொரு தபாவும் நாந்தான்."

அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். உன் பொண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்.

"ஸ்டார்ட் ஆவலன்னு சொன்னீங்களே. ஆவாத வண்டி எப்டி இருக்கும்னு காமிச்சேன். நேரா கொண்டாந்து வுட்டேன்னீங்க. நாப்பத்தோரு மைலு எங்க போச்சி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "மனை முடிக்கிற பார்ட்டி வந்திருந்தாங்க. மொதப் பிரசவம், நேரமாவும்னு நெனச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் இடது கையை நீட்டினார். மூத்தார் சாவியை அதில் வைத்துவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்து போனார்.

அதன்பிறகு பத்து நாள் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. ஷிஃப்டுக்குப் போவார், வருவார், போட்டதைச் சாப்பிடுவார். ஒருநாள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்: "தண்டவாளத்து மேல நின்னிருந்தா? அத நெனச்சிப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

 நினைத்துப் பார்த்த பிறகும் செய்தேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் அண்ணனைத் தனியாகப் போய்ப் பார்த்துவந்தது எனக்குத் தெரியும். தடுக்கவில்லை. நாலைந்து வருடம் கழித்து மூத்தார் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் செய்தது தப்புதான் அம்மா என்றார். தண்ணீர் கொடுத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்போதும் அப்படித் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.