எம்ரிஸ் ரொட்டியின் பந்து

எங்கள் பள்ளத்தாக்கில் ஆளுக்கு முன் தொழில் தெரிய வேண்டும். அதனால் ரொட்டி சுடுகிற எம்ரிஸ் எங்களுக்கு எம்ரிஸ் ரொட்டி. காலையில் வீடு வீடாக ரொட்டி போடுவான். சனிக்கிழமை மதியம் எங்கள் ரக்பி அணியின் கடைசி ஆளாக, கோல் கம்பங்களுக்கு முன்னால் தனியாக நிற்பான். வேல்ஸ் நாட்டுக்காக மூன்று முறை சிவப்புச் சட்டை போட்டவன். அதற்காகத் திங்கட்கிழமை ரொட்டி கருகினால் யாரும் அவனைச் சும்மா விட்டதில்லை.

எதிரணி பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு, எட்டுத் தடியர்கள் அதன் பின்னாலேயே பாய்ந்து வருவார்கள். எம்ரிஸ் அண்ணாந்து பார்த்தபடி "என் பந்து!" என்று கத்துவான். அவ்வளவுதான். கத்தியவன் நிற்க வேண்டும், மற்றவர்கள் விலக வேண்டும். அதில் பேச்சே கிடையாது. தடியர்களின் மூச்சு முகத்தில் படும்வரை அவன் அசையமாட்டான். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், கெத்தின். இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது.

ஒரே ஒரு முறை நான் விலகவில்லை. உதவுகிறேன் பேர்வழி என்று குறுக்கே ஓடி அவன் மேலேயே மோதினேன். அவன் தோளெலும்பு முறிந்தது. நான்காவது சிவப்புச் சட்டை வேறொருவனுக்குப் போயிற்று.

"கத்தினேன்ல கெத்தின்? காது ரெண்டையும் அழகுக்காடா வச்சிருக்க?" என்றான், அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது. அதோடு சரி, பிறகு அதைப் பேசவே இல்லை. அவன் மனைவி மெரியல்தான் பேசினாள், வாரம் தவறாமல்.

உலகப் போர் வந்ததும் எம்ரிஸ் குண்டுவீச்சு விமானம் ஓட்டப் போனான். நாற்பத்து மூன்றாம் வருடம் தந்தி வந்தது. திரும்பும் வழியில், நம் கரைக்கு மேலேயே விமானம் தீப்பிடித்திருக்கிறது. ஆறு பேர் குதித்துப் பிழைத்தார்கள். ஓட்டியவன் குதிக்கவில்லை.

மெரியல் அழவில்லை, பொருமினாள். "அந்த மனுஷனுக்கும் பாராசூட் இருந்துச்சுல்ல? என்னை ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா குதிச்சிருப்பாரு."

கோடையில் ஹார்லன் வந்தான். எம்ரிஸின் விமானத்தில் வரைபடம் பார்த்து வழி சொன்னவன், கனடாக்காரன், ரக்பியைக் கண்ணாலும் பார்த்திராதவன். மெரியலின் சமையலறையில், எங்கள் இருவருக்கும் எதிரே, தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவர் கைய எடுத்தா விமானம் சுத்திக்கிட்டே விழுந்துரும்மா. ஒருத்தராலயும் கதவுகிட்ட போயிருக்க முடியாது. நேரா பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. மத்தவங்க குதிச்சப்புறம் உதவலாம்னு நான் அவர்கிட்ட போனேன். என்னைப் பார்த்து ஏதோ கத்தினாரு. எனக்கு இன்னும் புரியல."

"என்ன கத்தினாரு?"

"'என் பந்து'ன்னாரு."

எரிகிற விமானத்தில் அதே கத்தல், அதே நிற்றல். அப்பேர்ப்பட்டவனோடு ஒரே மைதானத்தில் சேற்றில் புரண்டிருக்கிறேன் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

மெரியல் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?"

"விலகிட்டேன். குதிச்சுட்டேன்." அவன் தலை நிமிரவில்லை.

"நல்ல காரியம் செஞ்சீங்க தம்பி. டீ ஆறுது, குடிங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா கெத்தின்? ஆட்டமே தெரியாத புள்ள. அவர் கத்தினதும் விலகிட்டான்."

அதைச் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.